சைலஸுக்கு வைத்த தட்டு

கோப்பையை மோந்து பார்த்ததும் டெல்மருக்கு முதல் சந்தேகம் தன் மேல்தான் வந்தது.

நான் குடித்தேனா? எப்போது?

அவன் கடைசியாகக் குடித்து நான்கு வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தன. டலூத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிற வேலை. டாக்டர் அவனிடம் ஒளிவுமறைவு வைக்கவில்லை. "உன் கல்லீரல் இப்போ நூல்ல தொங்குது. இன்னொரு தடவை ஆரம்பிச்சேன்னா, என்னைத் தேடி வராதே. பாதிரியாரைத் தேடிப் போ." அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், இரும்பு நாற்காலியில், தன்னைப் போன்ற பதினைந்து பேரோடு உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடிக்கிறான். அரிசி அறுவடைக்காக ஊருக்கு வந்த இந்த மூன்று நாளும் டீயைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

ஆனால் ஜன்னல் திட்டில் இருந்த அந்த வெள்ளை எனாமல் கோப்பையில் விஸ்கி வாடை குப்பென்று அடித்தது. அடியில் ஈரம் வேறு.

அது அப்பா சைலஸின் கோப்பை. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிறு மத்தியானம் வருஷச் சாப்பாடு.

டெல்மர் வாசலுக்கு வந்தான். முற்றத்தில் இரும்பு அண்டாவுக்குக் கீழே விறகு எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஆர்டிஸ் சின்னத் துடுப்பால் அரிசியைப் புரட்டிப் புரட்டி வறுத்துக்கொண்டிருந்தாள். ஏரியில் விளைகிற அரிசி. பச்சையாக வந்தது கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நேத்து யாராவது வந்தாங்களா?"

"பெர்னிஸ் வந்தா. உப்பு வேணுமாம். உப்பை வாங்கிக்கிட்டு ஊர்வம்பு முழுக்கக் கொட்டிட்டுப் போனா. ஏன்?"

"அப்பா கோப்பையில என்ன இருந்தது?"

துடுப்பு ஒரு சுற்று நின்றது. பிறகு மறுபடியும் சுற்றியது.

"கழுவாம வெச்சிருக்கேன். வாடை போகலை போல."

ஒரு வருஷம் கழுவாத கோப்பை காய்ந்துதான் போகும். ஈரமாக இருக்காது. இதை டெல்மர் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை ஆர்டிஸிடம் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய இந்த நிலத்தில் யாரும் கேட்டதில்லை. பதினோரு வயதில், அப்பா வாந்தி எடுத்து மூச்சடைத்துச் சாகாமலிருக்க அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டவள் அவள். எத்தனை புட்டிகளைப் பின்கட்டுப் புல்லில் கவிழ்த்திருப்பாள்! நாற்பத்தேழு வயதில் ஒரு பீர்கூடக் குடித்தவளில்லை. அவள் வாசலில் தள்ளாடிக்கொண்டு நிற்கத் துணிந்தவன் யாருமில்லை.

அப்படியென்றால் இந்த வீட்டில் குடிப்பது யார்?

மறுநாள் வியாழக்கிழமை. பனி இன்னும் தண்ணீர் மேல் படுத்திருந்தபோதே ஏரிக்கரையில் பதினைந்து படகுகள். பெர்னிஸ் தன் படகை இழுத்துப் போட்டுக்கொண்டே டெல்மரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் அத்தை மகள். அத்தை மகளென்றால் வாய் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது.

"என்ன மச்சான், இடுப்பெல்லாம் பெருத்துப்போச்சு? டலூத்காரி எவளோ நல்லா ஆக்கிப்போடுறா போல."

"உன்னை நினைச்சு நினைச்சு வீங்கிட்டேன்."

"அய்யோ பாவம். படகு தாங்குமா பாரு. கவுந்தா நான் குதிச்சுக் காப்பாத்த மாட்டேன். முதல்ல அரிசிமூட்டை, அப்புறம் ஆர்டிஸ். மிச்சம் நேரமிருந்தா நீ."

கரையெல்லாம் சிரிப்பு. ஆர்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகைப் புகையிலையைத் தண்ணீரில் தூவிவிட்டுப் படகின் நடுவே உட்கார்ந்தாள்.

டெல்மர் பின்னால் நின்று நீளக் கழியால் தள்ளினான். பயிர் தலைக்கு மேல் நின்றது. ஆர்டிஸ் இடது கைக் கோலால் ஒரு பிடித் தாளை வளைத்துப் படகுக்குள் சாய்த்தாள். வலது கைக் கோலால் வருடினாள். அடிப்பதென்று பெயர், ஆனால் வருடத்தான் வேண்டும். விளைந்த மணி உதிரும், விளையாதது தாளிலேயே நிற்கும், தாள் மறுபடி நிமிரும். இரண்டு நாள் கழித்து அதே தாளிடம் திரும்பி வரலாம். அந்த ஏரியில் ஆர்டிஸ் கைக்கு நிகர் இல்லை. பயிருக்குள் எந்தப் படகையும் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அடியை வைத்தே அவளென்று சொல்வார்கள். சுர்ர் தட்... சுர்ர் தட்... மழை ஒழுங்காகப் பெய்வது போல.

இன்று அந்த மழை இல்லை.

ஒரு அடி மெதுவாக. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு இரண்டு அடி, படார் படாரென்று. தாள் முறிந்தது. பால் பிடித்த பச்சை மணி தண்ணீரில் சிதறியது. டெல்மரின் கழுத்தெல்லாம் சுணை குத்தியது, முழங்கையில் அரிசிப்புழு கடித்தது. எதையும் அவன் உணரவில்லை. அந்த அடியை அவனுக்குத் தெரியும். எங்கோ கேட்ட அடி.

பயிருக்கு அந்தப் பக்கமிருந்து பெர்னிஸின் குரல் வந்தது.

"யாருப்பா அது, சைலஸ் மாமா மாதிரியே அடிக்கிறது? மச்சான், நீயா?"

கேட்ட பிறகுதான் அது என்ன கேள்வியென்று பெர்னிஸுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் படகு மெல்ல விலகிப்போகிற சத்தம் மட்டும் கேட்டது.

டெல்மர் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்தினான்.

"அக்கா, கையைக் காட்டு."

"வேலையைப் பாருடா."

"காட்டுக்கா."

ஆர்டிஸ் கோல்களை மடியில் வைத்துவிட்டுக் கைகளை நீட்டினாள். பத்து விரலும் நடுங்கின. தான் வந்த நாளிலிருந்து அவள் ஏன் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"எப்போலேர்ந்து?"

"நாலாம் நாள் சாப்பாட்டிலேர்ந்து." அவள் குரலில் அழுகை இல்லை. "புதைச்ச நாலாம் நாள் தட்டு வைக்கணும். அவர் நடந்து போற வழிக்கு. செத்தவருக்குப் பிடிச்சதைத்தான் வைக்கணும். மீன் வெச்சேன், டீ வெச்சேன். ரெண்டும் அவருக்குப் பிடிக்குமா என்ன? ஒரு நாளாவது ருசிச்சுச் சாப்பிட்டிருக்காரா? பிடிச்சது ஒண்ணுதானே. கோபத்தோட திரும்பி வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். அரைக் கோப்பை ஊத்தி வெச்சுட்டேன்."

வழக்கத்தின் மறுபாதி டெல்மருக்குத் தெரியும். அந்த ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். செத்தவருக்கு வைப்பதையே வைத்தவரும் சாப்பிட வேண்டும். நாம் சாப்பிட்டால்தான் அவருக்குப் போய்ச் சேரும்.

"நீ குடிச்சியா?"

"வேற யார் குடிக்கிறது? நீ டலூத்துக்கு பஸ் ஏறிட்டே. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன். அன்னிக்குச் சாயந்தரமே வந்துட்டார்."

"யார்?"

"யாரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்?" அவள் முறைத்தாள். "அவர் நாற்காலியில உட்கார்ந்தார். திட்டலைடா. பேசினார். உயிரோட இருந்தப்போ நம்மகிட்ட ஒரு நாள் பேசியிருக்காரா? கேட்டா தட்டு பறக்கும். இப்போ ஊத்தினா பேசுறார், ஊத்தலைன்னா பேச மாட்டேங்கிறார். அதான் தினம் ஊத்துறேன்."

"அக்கா, அது குடிமயக்கம். எனக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். செத்தவங்க ஆயிரம் பேர் என்கிட்டயும் பேசியிருக்காங்க."

"அப்படியா? சின்ன வயசுல அப்பாவைப் பிடிச்சுட்டுப் போன அந்தப் பாதிரிப் பள்ளிக்கூடத்துச் சலவைக்கூடத்தைப் பத்தி உன்கிட்டப் பேசினாங்களா?"

டெல்மரின் கை கழியிலிருந்து நழுவியது.

"வெந்நீர்த் தொட்டி," என்றாள் ஆர்டிஸ், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அதுக்குப் பின்னால ஒரு பெஞ்சு. அப்பாவுக்கு ஒன்பது வயசு. கறுப்பு அங்கி போட்டவர் ஒருத்தர். பூசைக்கு வைக்கிற திராட்சை மது. முதல்ல ஒரு கோப்பை குடிச்சிடு, குடிச்சா வலிக்காது, அழுகையும் வராதுன்னு சொல்வாராம். அப்பா சொன்னார், அவர் சொன்னது நிஜம்தான்மா, வலிக்கலைன்னு."

பயிர் காற்றில் சரசரத்தது. இதை அப்பா சொன்னது ஒரே ஒரு தடவை. சாவதற்கு இரண்டு நாள் முன்பு, மஞ்சள் பூத்த கண்களோடு, நர்ஸ் வெளியே போயிருந்த பத்து நிமிஷத்தில். அறையில் டெல்மர் மட்டும்தான் இருந்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நிலவறை நாற்காலிகளில்கூட.

"ஞாயித்துக்கிழமை நீதான் தட்டு வைக்கணும்," என்றாள் அக்கா. "வருஷத் தட்டு மகன் வைக்கிறது. உன்னைத்தான் கேட்கிறார்."

"நான் குடிச்சா செத்துருவேன்."

"ஒரு வாய்டா."

"நீயும் ஒரு வாய்லதான் ஆரம்பிச்சே."

"இந்த வருஷத்தோட அவர் போயாகணும். குறை வெச்சு அனுப்பினா போகவே மாட்டார். இந்த வீட்லேயே உட்கார்ந்துடுவார். என் கூடவே." அவள் மறுபடி கோல்களை எடுத்தாள். "எனக்கு அதுவும் சம்மதம்தான்னு சில நாள் தோணுது. அதான் பயமா இருக்கு."

டெல்மர் அன்று முழுக்க யோசித்தான். பஸ் ஏறிவிடலாம். ஏறினால் அவன் பிழைப்பான். அக்கா அடுத்த அறுவடையைப் பார்க்க மாட்டாள். உட்கார்ந்து ஒரு வாய் குடிக்கலாம். குடித்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குழி. மூன்றாவது வழி ஒன்று இருந்தாக வேண்டும். அப்பாவுக்கு வேறு எதாவது பிடித்திருக்க வேண்டும்.

அறுபத்தேழு வருஷம் வாழ்ந்த மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஹோமரைத் தேடிப் போனான். அப்பாவோடு பள்ளியில் படித்தவர், அப்பாவோடு ஐம்பது வருஷம் குடித்தவர். தகர வண்டிவீட்டுக்கு வெளியே, எந்தக் காரிலிருந்தோ கழற்றிய பின்சீட்டில் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார்.

"வாடா. கையில ஒண்ணும் இல்லாமயா வந்தே? சைலஸ் பிள்ளையா நீ?"

"சித்தப்பா, அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

ஹோமர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதைக் கேட்கவா மூணு மைல் நடந்து வந்தே? தட்டுல அதை வைக்க உனக்குப் பயமா இருந்தா என்னைக் கூப்பிடு. உன் பங்கையும் நானே குடிச்சிடுறேன். சிநேகிதனுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"அதுக்கு முன்னாடி என்ன பிடிக்கும்?"

"எதுக்கு முன்னாடி?"

"சலவைக்கூடத்துக்கு முன்னாடி."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஹோமர் குனிந்து, அவிழாத பூட்ஸ் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"சொன்னானா உன்கிட்ட?"

"சொன்னார்."

"நானும் அந்தக் கோப்பையிலதான் கத்துக்கிட்டேன்," என்றார் ஹோமர். "அதைச் சொன்னானா?"

"இல்லை."

"சொல்ல மாட்டான். நல்லவன்."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. பள்ளிக்குச் சொந்தமாகப் பீட்ரூட் கொல்லை இருந்தது. பிள்ளைகள்தான் களை பறிப்பார்கள். சொந்த மொழியில் பேசினால் பிரம்படி. அதனால் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? சமைப்பார்கள்.

"வாயாலேயே சமையல். ஒரு நாளைக்கு ஒருத்தன் முறை. அவன் சமைப்பான், நாங்க சாப்பிடுவோம். நான் சமைச்சா எல்லாரும் அலறுவானுங்க, உப்பு ஜாஸ்தின்னு. வாயால போட்ட உப்புக்கே அந்தக் கூச்சல்!" அவர் கண் ஓரம் சுருங்கியது. "உங்கப்பன் முறை வந்தா வாத்து. எப்பவும் வாத்துதான். இந்த மாசத்து வாத்து, அரிசி தின்னு தின்னு கொழுத்திருக்குமே, அது. இறகு பிடுங்குறதுலேர்ந்து ஆரம்பிப்பான். இரைப்பையை அவங்கம்மா கீறினா உள்ளே புது அரிசி அப்படியே இருக்குமாம். கழுவிட்டுச் சூப்புல போடுவாங்களாம். இரைப்பை அவனுக்கு, கடைக்குட்டிங்கிறதால. அவன் சமைச்ச அன்னிக்கு எங்களுக்கு நிஜமாவே வயிறு நிறையும்டா."

"வாத்தா? எங்க வீட்ல ஒரு தடவை அக்கா வாத்து ஆக்கினா. சட்டியோட தூக்கி வாசல்ல எறிஞ்சார்."

"எறிவான். ரெண்டாவது வருஷம் அவங்கம்மா செத்துட்டாங்க. சளி நோய். செத்து ஒரு மாசம் கழிச்சுத்தான் அவன்கிட்டச் சொன்னாங்க. அதுவும் கொல்லையில நிறுத்தி வெச்சு. மறுநாள் அவன் முறை. குனிஞ்சு களை பிடுங்கிக்கிட்டே சொன்னான், எனக்கு வாத்து பிடிக்காதுன்னு. அவ்வளவுதான். அப்புறம் எங்க யாருக்கும் சமைக்கத் தோணலை."

சனிக்கிழமை காலை பெர்னிஸின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் டெல்மர் இரண்டு வாத்து சுட்டான். கைகள் நடுங்காத அவனுக்கே நான்கு குண்டு தேவைப்பட்டது. "நாலு குண்டுக்கு ரெண்டு வாத்தா? பரவாயில்லை மச்சான், மத்த ரெண்டும் பயத்துலேயே செத்திருக்கும்," என்றாள் பெர்னிஸ். வரும் வழியில் கிளினிக்குக்குப் போய், குடியை நிறுத்தும் சிகிச்சைக்குத் திங்கள் காலை அக்காவுக்கு ஒரு படுக்கை கேட்டுவைத்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம். சட்டியைத் திறந்து பார்த்த ஆர்டிஸ் கரண்டியைத் தூக்கி எறிந்தாள்.

"அவர் வெறுத்ததை ஆக்கி வெச்சிருக்கியா? வருஷ நாளும் அதுவுமா?"

"அவர் வெறுக்கலைக்கா."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவ நான்!"

"ஒன்பது வயசுக்கு முன்னாடி நீ போடலையே."

ஹோமர் சொன்னதையெல்லாம் சொன்னான். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அலமாரிக்குப் போய் மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து புட்டியை எடுத்தாள். வந்திருந்த ஆறேழு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தட்டில் வாத்துச் சூப்பு, புது அரிசிச் சோறு. பக்கத்தில் வெள்ளைக் கோப்பை. அவள் ஊற்ற ஊற்றப் புட்டியின் வாய் கோப்பை விளிம்பில் கடகடவென்று தாளம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் இனி எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹோமர் கோப்பையைப் பார்த்தார். டெல்மரும் பார்த்தான். அவன் நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது. நான்கு வருஷமென்ன, நாற்பது வருஷமானாலும் ஊறும்.

அவன் கோப்பையை எடுத்துத் தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தான்.

"என்னால சாப்பிட முடியாததை நான் வைக்க முடியாது. இது என் கையால வைக்கிற தட்டு."

"அப்போ நான் வைக்கிறேன்."

"வை. தடுக்க மாட்டேன். ஆனா நாளைக்கும் நீதான் வைக்கணும். அதுக்கு மறுநாளும். நீ இருக்கிற வரைக்கும். ரொம்ப நாள் இருக்க மாட்டே. அப்புறம் உனக்கு நான் தட்டு வைக்கணும்." அவன் அவளை நேராகப் பார்த்தான். "உன் தட்டுல என்ன வைக்கட்டும், சொல்லு. உனக்கும் இதைத்தான் ஊத்தி வைக்கணுமா? ஊத்திட்டு நானும் குடிக்கணுமா?"

ஆர்டிஸ் புட்டியைக் கீழே வைத்தாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"டின் பீச் பழம்," என்றாள் பெர்னிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சின்ன வயசுலேர்ந்து. அரசாங்க ரேஷன் டின்னைத் திருடிப் படகுத்துறைக்குக் கீழே உட்கார்ந்து தின்பா. எனக்கு ஒரு துண்டு தர மாட்டா, பிசாசு."

யாரோ சிரித்தார்கள். ஆர்டிஸின் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் கோணிக்கொண்டது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

டெல்மர் அப்பாவின் பெயரைச் சொன்னான். அந்தப் பள்ளியில் வைத்த பெயரை அல்ல. அதற்கு முன்னால் அவருக்கிருந்த பெயரை. வந்து சாப்பிடச் சொன்னான். பிறகு இரைப்பையை இரண்டாக அறுத்து ஒரு பாதியைத் தட்டில் வைத்தான். மறு பாதியை அக்காவிடம் கொடுத்தான். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஹோமர் தலையைத் தூக்காமல், யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோலத் தட்டைக் கையால் அணைத்துக்கொண்டு தின்றார். சூப்பில் கண்ணீர் சொட்டியது, அதையும் சேர்த்துத் தின்றார்.

ஆர்டிஸ் மென்றாள். இரைப்பை சீக்கிரம் மெல்லப்படுகிற சமாச்சாரம் இல்லை. கரண்டி அவள் கையில் நடுங்கித் தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. மென்றுகொண்டே அப்பாவின் நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவள் முகம் மெல்ல வெளுத்தது. கூட்டத்தில் கைவிடப்பட்ட குழந்தையின் முகம் அது.

"டெல்மர்," என்றாள் ரகசியமாக. "அவர் பேசலையே."

டெல்மர் அந்த நாற்காலியைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் சோற்றை நகர்த்தினான்.

"சாப்பிடுறார்க்கா," என்றான். "கூப்பிடாதே."